பெரியப்பா பதில்கள்: ஒரு கையில் அட்சதை, மறு கையில் கேமரா

கேள்வி: கல்யாணத்துக்குச் சொந்தக் கேமரா கொண்டுபோகலாமா பெரியப்பா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. மொய்க் கவரை வீட்டில் வைத்துவிட்டுக் கேமராவை மட்டும் கொண்டுபோனால்தான் தப்பு.

கேள்வி: தாலி கட்டும்போது மட்டும் எடுக்கக்கூடாது என்கிறார்கள். அதுதானே முக்கியமான படம்?
– வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: முக்கியமான படம் என்பதால்தான் அதற்கென்று ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த இரண்டும் நாத்தனார் என்பது பல வீடுகளின் வழக்கம். மொத்தமும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் விருந்தாளிக்கு ஒரே வேலை, அட்சதை போடுவது. அட்சதைக்கு ஒரு கை, போனுக்கு இரண்டு கை. கணக்கு இடிக்கிறது.

என் அக்கா பேத்தியின் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்கு 82 வயது. முழங்கால் வலி. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று புரோகிதர் விரலை ஆட்டியதும் ஏழெட்டுப் பேர் எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். அத்தனை கையும் தலைக்கு மேலே. பேத்தி கழுத்தில் தாலி ஏறியதை அக்கா பார்த்தது முன்னால் நின்ற பையனின் போன் திரையில், உள்ளங்கை அகலத்தில்.

அட்சதையைப் பிடித்திருந்த அவள் கை கடைசிவரை திறக்கவில்லை. மேளம் நின்ற பிறகு அதைத் தன் மடியிலேயே உதிர்த்துக்கொண்டாள்.

அந்தப் பையனுக்குப் படம் கிடைத்தது. அக்காவுக்கு இன்னொரு பேத்தி இல்லை.

கேள்வி: அபசகுனமான சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் கெட்டிமேளம் என்கிறார்களே?
– இசை ரசிகர், தஞ்சாவூர்

பதில்: ஆமாம். தும்மலையும் அழுகையையும் மறைக்க வந்த மேளம் இப்போது 'சார், கொஞ்சம் தலையைக் குனிங்க' என்பதையும் சேர்த்து மறைக்கிறது. தவில்காரருக்கு ஒரு தொகை கூட்டிக் கொடுங்கள்.

கேள்வி: ட்ரைபாட் வைத்துக்கொள்ளலாமா?
– புதிதாகக் கேமரா வாங்கியவர், ஓசூர்

பதில்: பந்தக்கால் ஒன்றுக்குத்தான் பூஜை போட்டு நட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கடைசி வரிசையிலிருந்து பிளாஷ் போட்டால் மேடை தெளிவாக விழுமா?
– மணமகனின் அலுவலக நண்பர், சென்னை

பதில்: விழாது. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. கடைசி வரிசையிலிருந்து அடித்தால் பளிச்சென்று விழுவது உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வழுக்கை மட்டுமே.

கேள்வி: என் கேமராவில் பிளாஷ் அடித்ததற்கு ஸ்டுடியோக்காரர் முறைத்தார். அவருக்கு என்ன நஷ்டம்?
– தாய்மாமன், திண்டுக்கல்

பதில்: மேடை ஓரத்தில் குடை பிடித்து நிற்குமே லைட்டுகள், அவற்றில் சிலவற்றுக்கு 'ஸ்லேவ்' என்று ஒரு கண் உண்டு. ஒரு பிளாஷ் மின்னியதும் அதைப் பார்த்துத் தானும் மின்னும். மின்னியது முதலாளி பிளாஷா, தாய்மாமன் பிளாஷா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீங்கள் அடித்ததற்கு அது கூடவே அடித்து ஓய்ந்துவிடும். மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் மாப்பிள்ளை மெட்டி போட்டு முடித்திருப்பார். ஸ்டுடியோக்காரருடைய படம் இருட்டு.

ரேடியோ ட்ரிகர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 'தம்பி, லைட்டு ஸ்லேவா, ட்ரிகரா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முறைத்தவர் உங்களுக்கு நாற்காலி போடுவார்.

கேள்வி: புகைப்படமா, ஒளிப்படமா, நிழற்படமா? எது சரி?
– தமிழாசிரியை, மயிலாடுதுறை

பதில்: கிரேக்க மூலத்தில் 'போட்டோ' ஒளி, 'கிராஃப்' எழுதுவது. எனவே ஒளிப்படமே பொருத்தம். ஹோம குண்டத்துக்கு எதிரே நின்று பிளாஷ் போட்டு எடுத்தால் மட்டும் புகைப்படம். வெளிச்சம் முழுவதும் புகையில் பட்டுத் திரும்பி, மணமக்கள் இருந்த இடத்தில் வெள்ளை மேகம் நிற்கும். அங்கே பிளாஷை அணையுங்கள் டீச்சர்.

கேள்வி: பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுக்கலாமா?
– சமையல் ரசிகர், காரைக்குடி

பதில்: சாப்பிட்டு முடிப்பதற்குள் இலையை எடுப்பது பாவம். சாப்பிடும்போது வாயை எடுப்பது அதைவிடப் பாவம்.

வீடியோ கேசட் காலத்தில் லைட் பிடிக்கும் பையன் பந்திக்குள் நுழைவான். அந்தச் சூடு முகத்தில் பட்டதும் வரிசையாக எல்லாரும் அசையாமல் நின்றுபோவார்கள். பாதி கடித்த அப்பளம் கையிலேயே இருக்கும்; முழுங்குவதா வேண்டாமா என்று தொண்டை யோசிக்கும். அந்தக் கேசட்டுகளில் ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்றும் பாயசத்தை விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

கேள்வி: டேப்லெட்டில் எடுத்தால் தப்பா?
– ஓய்வுபெற்ற அதிகாரி, வேலூர்

பதில்: முறத்தைச் சீர்வரிசையில் வைப்பது வழக்கம். மணவறைக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பது வழக்கம் இல்லை.

கேள்வி: உங்கள் காலத்துக் கல்யாணங்களில் எத்தனை படம் எடுப்பார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: 120 ரோல் போட்ட யாஷிகாவில் 12. பிறகு 35 மி.மீ. ரோலில் 36. ஊட்டியில் 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுக் கம்பெனி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டுக்கொண்டிருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். 12 படத்துக்குள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அடங்க வேண்டும். யாரை விட்டாலும் பத்து வருடப் பகை.

இப்போது 4,000 படம். எல்லாரும் இருக்கிறார்கள். புரட்டத்தான் ஆள் இல்லை.

கேள்வி: விருந்தாளி கேமரா தூக்குகிற பழக்கத்தை ஆரம்பித்துவைத்தது யார்?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888ல் 100 படத்துக்கான பிலிமை உள்ளேயே போட்டு கோடக் பெட்டிக் கேமராவை விற்றார். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படத்தைக் கழுவி, பிரதி போட்டு, புது பிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900ல் பிரவுனி கேமரா ஒரு டாலருக்கு வந்தது. அதுவரை ரசாயனம் தெரிந்தவர்கள் கையில் இருந்த வித்தை, அன்றிலிருந்து சித்தப்பாக்கள் கைக்கு வந்துவிட்டது.

கேள்வி: முதல் டிஜிட்டல் கேமரா எப்போது?
– அதே மளிகைக் கடைக்காரரின் மகன்

பதில்: 1975. அதே கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் செய்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும்.

கேள்வி: குரூப் போட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்களே, ஏன்?
– மணமகளின் அண்ணி, சேலம்

பதில்: எதிரே ஐந்து பேர் ஐந்து கேமராவோடு 'இங்க பாருங்க' என்கிறார்கள். முதலில் ஸ்டுடியோக்காரர் எடுக்கட்டும். அவர் கேமராவைத் தாழ்த்தியதும் 'அத்தை, இங்க ஒண்ணு' என்று சொல்லி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே திசையில் பார்ப்பது அபூர்வம். அதைக் கெடுக்காதீர்கள்.

கேள்வி: ரிசப்ஷன் வரிசையில் மணமக்களோடு எத்தனை செல்ஃபி எடுக்கலாம்?
– இளைஞர், பாண்டிச்சேரி

பதில்: ஒன்று. நீங்கள் கண்ணை மூடியபடி விழுந்திருந்தாலும் அந்த ஒன்றுதான். உங்களுக்குப் பின்னால் பாட்டிகள் நிற்கிறார்கள்.

கேள்வி: மணப்பெண் அலங்காரத்தை அறைக்குள் போய் எடுக்கலாமா? சொந்தக்காரன்தானே நான்?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: கதவு மூடியிருந்தால் கேமராவும் மூடியிருக்க வேண்டும். பெண்ணே கூப்பிட்டுச் சொன்னால் தவிர அந்த வாசலில் கேமராவோடு நிற்கவும் கூடாது. இதில் சொந்தம், அந்நியம் பார்க்க வேண்டாம் என்று மண்டபத்துக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மீறினால் யாராக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: தோழியின் முகூர்த்தப் படத்தை அவள் போடும் முன்பே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். பேச மாட்டேன் என்கிறாள்.
– தோழி, கோயம்புத்தூர்

பதில்: சீர்த்தட்டைப் பிரித்து முதல் லட்டை நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள். படத்தை நீக்கிவிட்டு நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். போகும்போது லட்டு வாங்கிப் போங்கள்.

கேள்வி: ஸ்டுடியோ எடுத்த படம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? விருந்தாளி எடுத்தது?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. 'வேறு ஒப்பந்தம்' என்பது அட்வான்ஸ் வாங்கும்போது ஸ்டுடியோ நீட்டுகிற காகிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

விருந்தாளி தன் ஆசைக்கு எடுத்தது விருந்தாளிக்கே சொந்தம். படம் அவருடையது, அதில் இருக்கும் முகம் அவருடையது இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்குக் கலியாணம். எனக்கு விசா சரிவரவில்லை. மச்சான் வீடியோ காலில் காட்டுறேன் எண்டு சொல்லியிருக்கிறார். அதுவும் பிழையோ?
– ஓர் அண்ணன், ஸ்காபரோ, கனடா

பதில்: பிழையே இல்லை தம்பி. அங்கே காலை 9 மணிக்கு முகூர்த்தம் என்றால் கோடைக் காலத்தில் உங்களுக்கு முந்தைய நாள் இரவு 11.30. தங்கச்சிக்காகக் கண்விழித்திருக்கிற அண்ணனுக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். போனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் உங்களுக்குத் தெரிவது மண்டபத்து மின்விசிறிதான். மணவறைக்குப் பக்கவாட்டில், யாருக்கும் மறைக்காத இடமாகப் பார்த்து, இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவரும் போய் உட்காரட்டும். ஸ்டாண்டுக்கு இந்தப் பகுதியில் நான் அனுமதி கொடுப்பது உங்கள் ஒருவருக்குத்தான். உங்கள் பங்கு அறுகரிசியை அம்மாவை இரண்டாம் முறையாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்ச்சில் கல்யாணம். பீடத்துக்குப் பக்கத்தில் போய் எடுக்கலாமா?
– மாப்பிள்ளைத் தோழன், நாகர்கோவில்

பதில்: ஆலயத்துக்கு ஆலயம் விதி மாறும். சில இடங்களில் பிளாஷ் கூடாது, சில இடங்களில் பீடத்துப் படியே தாண்டக்கூடாது. 'சம்மதமா?' என்று ஃபாதர் மணமக்களைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் ஃபாதரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: திருச்செந்தூரில் கல்யாணம். கோயிலுக்குள் போன் கொண்டுபோகலாமா?
– பெண்ணின் சித்தப்பா, கோவில்பட்டி

பதில்: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில்தான் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்க உத்தரவிட்டது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். தெய்வானை கல்யாணத்துக்கு யாரும் போன் கொண்டுபோகவில்லை. படம் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறது.

கேள்வி: சொந்த ட்ரோன் இருக்கிறது. நண்பன் கல்யாணத்தில் பறக்கவிடலாமா?
– பட்டதாரி, திருப்பூர்

பதில்: 2021 ட்ரோன் விதிகள்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்திருக்கிறது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றக்கூடாது. உங்கள் மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் முதலில் பாருங்கள். நிறம் பச்சையாகவே இருந்தாலும் பந்தலுக்குள் வேண்டாம். கருடன் வட்டமிடுவது கும்பாபிஷேகத்துக்கு.

கேள்வி: 'ஸ்டுடியோ வேண்டாம், நீயே வந்து எடுத்துடு மாப்ளே' என்கிறான் நண்பன். ஒப்புக்கொள்ளட்டுமா?
– அமெச்சூர் படக்காரர், நாமக்கல்

பதில்: இரண்டு கேமரா, இரண்டு கார்டு, இரண்டு பேட்டரி இருந்தால் யோசியுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நட்பைக் காப்பாற்றுங்கள். கார்டு கெட்டுப்போனது என்று சொல்லி இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டால் அன்று நீங்கள் விருந்தாளி இல்லை. சாப்பாடு கடைசிப் பந்தியில், ரசம் இருந்தால்.

கேள்வி: இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்கிறீர்கள். விருந்தாளி எடுப்பதற்கு என்னதான் மிச்சம்?
– கோபக்கார வாசகி, திருச்சி

பதில்: மேடையைத் தவிர அத்தனையும் அம்மா! ஸ்டுடியோக்காரரின் மூன்று கேமராவும் மேடையைப் பார்த்து நிற்கின்றன. அவர் திரும்பாத பக்கம் முழுவதும் உங்களுக்கு.

விடியற்காலை நான்கு மணிக்குப் பின்கட்டில் தேங்காய் துருவுகிறவர்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைப்பது. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு மொய் எழுதுகிறவர். தாம்பூலப் பையில் தேங்காய் போடுகிற வேலையைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்ட பொடிசுகள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, தூண் ஓரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அப்பா. அவரைத் தூரத்தில் நின்று எடுங்கள். எடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

என் அப்பா சிரிக்கிற படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டுடியோப் படங்களில் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முறைப்பார். இதை எடுத்தது ஒரு விருந்தாளி, எங்கள் ஒன்றுவிட்ட மாமா. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவரை 'அத்தான்!' என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா திரும்பிய நொடியில் எடுத்துவிட்டார். ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் கரண்டி, தோளில் நழுவுகிற துண்டு. படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதைத்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கேமராவும் கையுமாகவே இருக்கிறார். யாரோடும் பேசுவதே இல்லை.
– இல்லத்தரசி, கடலூர்

பதில்: வீட்டில் உள்ள ஆல்பங்களைப் புரட்டச் சொல்லுங்கள். எதிலும் அவர் இருக்க மாட்டார். அடுத்த கல்யாணத்தில் மாலை மாற்றும் வரை அவர், அதற்குப் பிறகு கேமரா உங்கள் கையில். முதல் படம் அவருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: நான் எடுத்த 300 படத்தையும் மணமக்களுக்கு எப்படி அனுப்புவது?
– கணினிப் பணியாளர், பெங்களூரு

பதில்: 300 வேண்டாம், 10 போதும். கண் மூடியது, வாய் திறந்தது, முதுகு விழுந்தது எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். 'டாகுமென்ட்' என்று போட்டு அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும். மறுவீட்டு விருந்து முடிவதற்குள் அனுப்புங்கள். மொய்யைப் போலத்தான் இதுவும். நோட்டை மூடிய பிறகு வந்தால் கணக்கில் ஏறாது.

கேள்வி: ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். விருந்தாளிகள் மனம் நோகாமல் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? பத்திரிகையில் அச்சடிக்கலாமா?
– மணமகளின் தந்தை, கும்பகோணம்

பதில்: பத்திரிகையில் வேண்டாம். கண்டிப்பு போலத் தெரியும். அட்சதைத் தட்டை நீட்டுகிற பெண்கள் வாயால் சொல்லட்டும்: 'தாலி கட்டும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாரப் பார்த்து ஆசீர்வாதம் பண்ணுங்க. படத்தை நாங்க அனுப்பி வைக்கிறோம்.' அட்சதை கைக்கு வரும் நேரத்தில் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். முன்வரிசையில் நடமாட முடியாத பெரியவர்களை உட்காரவைத்து, அவர்களுக்கு முன்னால் யாரும் எழுந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளைத் தோழன் ஒருவனை நிறுத்துங்கள்.

'அனுப்பி வைக்கிறோம்' என்று சொன்னதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. ஸ்டுடியோக்காரரிடம் முகூர்த்தப் படங்களை மட்டும் அன்று மாலையே கேட்டு வாங்கி, வந்தவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் அனுப்பிவிடுங்கள் ஐயா.